சுடுகாட்டில் வெட்டியான் எங்கே?

விக்கிரமாதித்தன் பிணம் தூக்கினால் வீரம். என் தாத்தா தூக்கினால் தீட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

படம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நடுராத்திரி, சுடுகாடு. உருவிய வாளோடு ராஜா நடந்து வருகிறார். தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம். மண்டை ஓடு, எலும்பு, முறுக்கிக்கொண்டு நிற்கிற மரம். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த வீடுகளில் ஒரு தலைமுறையாவது இந்தப் படத்தைப் பார்த்துப் பயந்திருக்கும், பயந்துகொண்டே திரும்பவும் பார்த்திருக்கும்.

சங்கர் 2020 செப்டம்பர் 29 அன்று 96ஆம் வயதில் காலமானார். நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கியின் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அந்த ஒரே படம்தான் சுற்றியது. நம்ம சின்ன வயசே போயிடுச்சு என்று ஆளாளுக்கு உருகினார்கள். நான் ஒரே ஒரு வரி போட்டேன்: 'அந்தச் சுடுகாட்டுல வெட்டியான் எங்க சார்?' பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தர், 'இதுலயுமா சாதி?' என்றார். இன்னொருத்தர் கும்பிடு போடுகிற பொம்மையை அனுப்பினார். அதோடு பேச்சு வட்டி விகிதத்துக்குப் போய்விட்டது. அந்த 'இதுலயுமா'வுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

சங்கருக்கு உரியதை முதலில் சங்கருக்குக் கொடுத்துவிடலாம். கே.சி. சிவசங்கரன் என்கிற அந்த மனிதர் தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1924இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர். கலைமகளில் வேலை பார்த்துவிட்டு 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். அதற்குப் பிறகு அறுபது வருஷம் அங்கேயே வரைந்தார். ஒரே நாற்காலி, ஒரே வேலை, மாசச் சம்பளம். குமாஸ்தாவாகிய எனக்கு இது புரிகிறது. 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அவர் இறந்த பிறகு. இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்களோ.

அவர் ஒருத்தர் மட்டுமில்லை. மகாபாரத அட்டைகள் போட்ட எம்.டி.வி. ஆசார்யா இருந்தார். சித்ரா என்ற பெயரில் டி.வி. ராகவன், மந்திரவாதிகளும் விநோத மிருகங்களும் வருகிற தொடர்கதைகளுக்கு உயிர் கொடுத்தார். தெலுங்கு நாட்டு வட்டாதி பாப்பையா, 'வபா' என்று கையெழுத்துப் போடுகிறவர், அட்டையில் வண்ணத்தைக் கொட்டினார். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தொடங்கிய பத்திரிகை, பத்துப் பன்னிரண்டு மொழிகளுக்குப் பரவியது. எழுத்து ஒவ்வொரு மொழிக்கும் மாறும். படம் எல்லா மொழிக்கும் ஒன்றே. ஒரியாக் குழந்தைக்கும் மராத்திக் குழந்தைக்கும் ராட்சசன் ஒரே ஆள். 2004இல் சந்தாலி மொழியில்கூட ஒரு பதிப்பு வந்தது. ராஜ்மகால் மலைப்பக்கத்துச் சந்தால் குழந்தை அந்தப் புத்தகத்தைப் பிரித்தபோது தன் மூஞ்சியை யார் உடம்பில் பார்த்தது, ராஜகுமாரன் உடம்பிலா, காட்டுப் பூதத்தின் உடம்பிலா? இந்தக் கேள்வியை நம் இலக்கியக்காரர்கள் யாரும் கேட்டு நான் படிக்கவில்லை.

கம்பெனியை 2007இல் ஒரு மும்பை மென்பொருள் நிறுவனம் வாங்கியது. 2013 வாக்கில் பத்திரிகை நின்றேபோனது. பத்திரிகைதான் நின்றது. படம் நிற்கவில்லை. இப்போது அது பனியனில் வருகிறது, காப்பிக் கோப்பையில் வருகிறது.

நான் முதன்முதலில் இதைப் பார்த்தது கொரட்டூரில், ரயில்வே ஸ்டேஷனுக்கு வருகிற வழியில் இருந்த ஒரு பழைய பேப்பர் கடையில். எங்க நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தார். புதுப் புத்தகத்துக்கு வழியில்லை. கிலோ கணக்கில் வந்து விழுகிற புத்தகத்தில் அட்டை கிழிந்ததைப் பார்த்து எடுத்துக்கொடுப்பார் கடைக்காரர். அதெல்லாம் பெரும்பாலும் ஹவுசிங் போர்டு வீடுகளிலிருந்தும் அக்ரகாரத்துப் பக்கமிருந்தும் வந்தவை. உள் அட்டையில் பிள்ளைகள் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் ஆயாவிடம் படத்தைக் காட்டினேன். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. படத்தை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இன்னாடா இது, பொணத்த இப்டித் தோள்ல போட்டுக்கினு எவனாவது நடப்பானா, ஒடம்பு வெறைச்சிப் பூட்டிருக்காது?' என்றது. தொழில்காரி கேட்ட கேள்வி. என் தாத்தா பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு ஊரில் வெட்டியான். சாவுச் சேதி சொல்ல எட்டு ஊர் நடந்தவர். குழி வெட்டுவதும் பிணம் எரிப்பதும் அவர்தான். கூலி, களத்தில் அளந்து போடுகிற நெல். அதுவும் மற்றவர்களுக்கு அளந்து முடித்த பிறகு.

எரிப்பது சும்மா வேலையில்லை. விறகு அடுக்கி, வறட்டி வைத்து, மேலே வைக்கோல் பரப்பிக் களிமண் பூச வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துதான் நெருப்பு வைக்க வேண்டும். நடு ராத்திரியில் சூடு ஏறும்போது பிணம் மெல்ல எழும்பும். கை மடங்கும், முதுகு வளையும். பார்க்காதவன் பார்த்தால் அலறிக்கொண்டு ஓடுவான். சூட்டில் தசையும் நரம்பும் சுருங்குவதால் வருவது அது. தாத்தா கையில் ஒரு நீளமான கொம்பு வைத்திருப்பாராம், தட்டிப் படுக்க வைக்க. 'படுறா ராசா, எல்லாம் முடிஞ்சிபோச்சி' என்று சொல்லித்தான் தட்டுவாராம். செத்தவர் ஊர்க் கவுண்டராக இருந்தாலும் அந்த நேரத்தில் 'டா'தான். ஆயா இதைச் சொல்லிச் சிரிக்கும்.

எழும்புகிற பிணத்தோடு ராத்திரி முழுக்கத் தனியாகப் பேசிக்கொண்டிருந்த மனிதன் ஒருத்தன் இருந்தான் என்றால், அவன்தானே இந்தக் கதையின் ஆள்? மாயாஜாலம், அமானுஷ்யம் என்று நீங்கள் கூசிச் சிலிர்க்கிற எல்லாமும் அவன் ராத்திரி வேலை நேரம். அவனை வெளியே தள்ளிவிட்டு அவன் இடத்தில் ஒரு ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அது கதையாகிறது. வெட்டியான் செய்தால் குலத்தொழில், ராஜா செய்தால் சாகசம்.

கதை பழையது. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே இருக்கிறது. தமிழுக்கு வந்தபோது வேதாளம் முருங்கை மரம் ஏறிக்கொண்டது. மொத்தம் 25 கதைகள். அதில் ஒன்றில் வேதாளம் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? ஒரு ராஜகுமாரியைக் கேட்டு நாலு பேர் வருகிறார்கள். துணி நெய்கிற சூத்திரன், மிருகங்களின் பாஷை தெரிந்த வைசியன், வாள் வீசுகிற சத்திரியன், செத்தவரை எழுப்புகிற பிராமணன். யாருக்குக் கொடுப்பது? ராஜா யோசிக்கவே இல்லை, சத்திரியனுக்கு என்கிறார். வருணம் தப்பிப்போகக் கூடாது அல்லவா. சரி பதில் சொன்னதால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடுகிறது. 'இதுலயுமா சாதி' என்று கேட்ட நண்பருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். நான் கொண்டுவந்து சேர்க்கவில்லை சார், உள்ளேயே இருந்தது.

அம்புலிமாமாவில் 25 கதையும் தீர்ந்த பிறகு வேறு வேறு கதைகளை எடுத்து வேதாளத்தின் வாயில் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். கதை மாசாமாசம் மாறியது, தலைப்பில் விக்கிரமன் மாறவில்லை. அதனால்தான் யாரைக் கேட்டாலும் கதை ஞாபகமில்லை, படம் ஞாபகமிருக்கிறது. எழுத்தோடு சண்டை போட நம் ஆட்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். படத்தோடு யாரும் சண்டை போடவில்லை. படிக்கத் தெரியாத வயசிலேயே கண் வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற சரக்கு அது.

ராஜா வெட்டியானாகிற கதை ஒன்று உண்டே என்பீர்கள். உண்டு, அரிச்சந்திரன். காசிச் சுடுகாட்டில் காவல் காத்தார், கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டார். நம் சுடுகாடுகளின் வாசலில் அவர் பெயரில் கல் நிற்கிறது. கடைசியில் தேவர்கள் வந்து ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தாத்தாவுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் அந்தக் காலத்திலேயே இந்த அரிச்சந்திரன் கதையைப் பொய் என்று எழுதியது சும்மா இல்லை.

பழைய கதை, விடுங்கள் என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், நிலத்து வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடாததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஒரு தலித்தின் உடலைக் கீழே இறக்கினார்கள். அந்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். பாடை அந்தரத்தில் ஆடுகிறது. கீழே நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எந்தக் கற்பனை ஓவியனும் இப்படி ஒரு காட்சியை யோசித்திருக்க மாட்டான்.

அடுத்தது ராட்சசன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சிக்கல்.

கருப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் ராஜாவின் முகம் எப்படி வெள்ளையாகிறது? ஒன்றும் செய்ய வேண்டாம். தாளை அப்படியே விட்டால் போதும். புருவம், மூக்கு, மீசை, நாலு கோடு, முடிந்தது. தாளின் நிறம்தான் ராஜாவின் நிறம். கருப்புக்குத்தான் உழைக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக இழை இழையாகக் கோடு போட்டு, தசைக்குத் தசை நிழல் கட்டி, சுருட்டை முடி ஒவ்வொன்றாகச் சுழித்து, தொந்தி, தடித்த உதடு, அகன்ற மூக்கு. அந்த மூக்கையும் உதட்டையும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற குழந்தைதான் எங்கள் குழந்தை. இதைச் சொன்னால் ராட்சசன்னா அப்படித்தானே வரைய முடியும் என்கிறார்கள். ஏன்? ஒல்லியாக, சிவப்பாக, பூணூல் போட்டு ஒரு ராட்சசன் இருக்கக் கூடாதா? நான் பார்த்த பழைய இதழ்களில் வண்ணான் வருகிறார், குயவர் வருகிறார், நாவிதர் வருகிறார். சேரி வரவே இல்லை. சேரிக்காரனின் நிறமும் மூக்கும் மட்டும் காட்டுக்குள் போய்ப் பூதமாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ராஜகுமாரிகள் எல்லாரும் ஒரே அச்சு, காலண்டர் பொம்மை. அந்த ஓவியர்களுக்கே அவர்களை வரைந்து அலுத்துப்போயிருக்கும் என்று தோன்றுகிறது. பூதம் வருகிற இடத்தில்தான் கை குதிக்கிறது. ஒற்றைக் கண் பூதம், மரத்தையே பல்குச்சியாக்கிக் குத்திக்கொள்கிற பூதம், பசிக்கு அழுகிற பூதம். அத்தனை உழைப்பும் குறும்பும் பிரியமும் அங்கேதான் விழுந்திருக்கிறது. சின்ன வயசில் நான் ராஜா பக்கம் இருந்ததே கிடையாது, பூதம் பக்கம்தான். ஏன் என்று அப்போது தெரியாது. ஒருவேளை, வரைந்தவர்களும் அந்தப் பக்கம்தான் இருந்தார்களோ என்னவோ. அதனால் இவர்களைச் சாதி வெறியர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. கண் முன்னால் இருந்த அழகு இலக்கணத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். அதற்குள்ளேயே விளையாடினார்கள். விளையாட்டு உசத்திதான், இலக்கணம் நம்மைக் கொன்றது.

குழந்தைப் புத்தகத்து வேடிக்கைப் படம் இப்படிக் குத்துவது இங்கே மட்டும் நடந்ததில்லை. ஹெலன் பானர்மேன் என்கிற ஸ்காட்லாந்து அம்மா, புருஷன் ராணுவ வைத்திய உத்தியோகத்தில் இருந்ததால், முப்பது வருஷம் இந்தியாவில் இருந்தார். 1898இல் கொடைக்கானலிலிருந்து மெட்ராஸுக்குத் திரும்புகிற பயணத்தில் தன் குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதியதாகச் சொல்வார்கள். படமும் அவரே போட்டார். 1899இல் லண்டனில் அச்சானது. ஒரு கருப்புப் பையன், பெயர் சாம்போ. புலிகள் அவன் சட்டையையும் குடையையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, நீயா நானா என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி நெய்யாகிப் போகின்றன. அந்த நெய்யில் பலகாரம் சுட்டுத் தின்கிறார்கள். அருமையான கற்பனை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பையனின் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே. முட்டைக் கண், வாயே முகமாக ஒரு சிவப்பு உதடு. மெட்ராஸ் ராஜதானியில் இருந்துகொண்டு அந்த அம்மா பார்த்த கருப்புப் பிள்ளைகள் யார்? தோட்டக்காரன் பிள்ளை, சமையல்காரன் பிள்ளை, நம் பிள்ளைகள்தான். புத்தகம் அமெரிக்கா போனபோது அங்குள்ள கருப்பர்களைக் கிண்டல் செய்ய அந்தப் பெயரும் மூஞ்சியும் ரொம்ப வசதியாகிவிட்டது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1930களிலேயே அதைக் கண்டித்தார். அங்கே குழந்தைகள் நூலகங்களில் பெரிய சண்டையே நடந்தது. வேறு கலைஞர்கள் அதே கதைக்குப் புதுப் படம் போட்டார்கள். இங்கே அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை.

எஸ்டேட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இருக்கிற புண்ணியத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் ருஷ்யப் படப் புத்தகங்களும் கிடக்கும். அதில் ஒரு சூனியக்காரக் கிழவியின் குடிசைக்குக் கோழிக்கால் முளைத்திருக்கும். அந்தக் குடிசை நடக்கும், திரும்பும். குடிசை என்றால் ஏழை என்று மட்டுமே காட்டுகிற படங்களுக்கு நடுவில் குடிசையே அதிசயமாக இருந்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்தது ஞாபகம் இருக்கிறது. ஓலை வீட்டில் இருந்துகொண்டு பார்த்தவனுக்குத்தான் அது புரியும்.

நம் தரப்பிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'. கோண்ட் பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்தார்கள். கட்டம் கட்டி ஆளை அதற்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கனிவாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை வடிவத்தில் பறக்கிறது. சாதி விஷத்தைக் கக்குகிறவன் பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கிறது. மாயாஜாலப் படம்தான் அதுவும். ஆனால் மாயம் எங்கே முளைக்க வேண்டுமோ அங்கே முளைத்திருக்கிறது. விலைதான் நம் காலனிப் பிள்ளைகளுக்கு எட்டாது. நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் எழுத வைத்தது எங்கள் படிப்பு மையத்தில் வந்த தகராறு. கொரட்டூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். இடம் காலி செய்த ஒருத்தர் தைத்து வைத்திருந்த பழைய அம்புலிமாமா தொகுப்புகளை ஒரு மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போனார். வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா? தோழர் ஒருவர், 'கொளுத்துங்க. 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் மநுவைக் கொளுத்தவில்லையா?' என்றார். அவர் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் மநு, இன்னாருக்கு இன்ன தண்டனை என்று எழுதி வைத்த சட்டம். இது சம்பளத்துக்கு வரைந்தவர்கள் போட்ட சித்திரம். அதில் என் சின்ன வயசும் இருக்கிறது, என் அவமானமும் இருக்கிறது. பிரித்து எடுக்கத் தெரியாமல் மொத்தமாகக் கொளுத்தினால் பிள்ளைகள் கைபேசியில் இதைவிட மோசமான ராட்சசனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் வரைந்தவன் பெயர்கூட இருக்காது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நண்பர், 'குழந்தைகள் கள்ளமில்லாமல் ரசிக்கட்டுமே, அரசியலை அப்புறம் சொல்லலாம்' என்றார். இவரோடு எனக்கு ஒத்துப்போகவே இல்லை. எங்கள் மையத்தில் மெழுகுப் பென்சில் டப்பாவைத் திறந்தால் பிள்ளைகள் கேட்பது 'அண்ணா, ஸ்கின் கலர் குடுங்க'. ஸ்கின் கலர் என்றால் வெளிறிய ரோஸ். கேட்கிற பிள்ளையின் தோலில் அந்த நிறம் உள்ளங்காலில்கூட இல்லை. அம்மாவை வரைந்தாலும் ரோஸ்தான், அம்பேத்கரை வரைந்தாலும் ரோஸ்தான். பேய் வரையச் சொன்னால் கருப்பு. அரசியலை நாம் அப்புறம் சொல்லலாம், டப்பா முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டது.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். தொகுப்புகள் அலமாரியில் இருக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் படிப்போம். ஒவ்வொரு படத்திலும் யார் இல்லை என்று கேட்போம். இல்லாத ஆளைப் பிள்ளைகள் வரைந்து சேர்க்கும்.

முதல் வாரமே விக்கிரமன் படத்தைப் பெரிதாக்கி நகல் எடுத்துக் கொடுத்தேன். வெட்டியான் யார், என்ன வேலை, என்ன கூலி என்று தாத்தா கதையைச் சொன்னேன். கொம்பைப் பற்றிச் சொன்னபோது கைதட்டினார்கள். அஞ்சாவது படிக்கிற ஒரு பெண் ராஜாவுக்கு முன்னால் ஒரு ஆளை வரைந்திருந்தாள். ராஜாவைவிட உசரம். கையில் நீட்டுக் கொம்பு, தலையில் முண்டாசு. கொம்பைக் குறுக்கே நீட்டி ராஜாவை மறித்துக்கொண்டிருக்கிறான். இன்னாம்மா கேக்குறாரு இவரு என்றேன். 'காசு குடுக்காம பொணத்த எடுத்துக்கினு போறாரு இல்ல ராஜா, அதான் நிறுத்தி வெச்சிருக்காரு' என்றாள். பூதத்துக்கு ரோஸ் அடித்திருந்தான் அவள் தம்பி. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

படங்களைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகக் கொண்டுவர எண்ணம். வரையத் தெரிந்த தோழர்கள், ஓவியக் கல்லூரி மாணவர்கள் யாராவது ஞாயிறு காலை பத்து மணிக்கு கொரட்டூர் வந்தால் நல்லது. பிள்ளைகள் படத்தைத் திருத்த வேண்டாம், கூட உட்கார்ந்து வரைந்தால் போதும். வரும்போது மெழுகுப் பென்சில் கொண்டு வாருங்கள். டப்பாவாக வேண்டாம், தனித்தனியாக விற்கிற கடை பாரிமுனையில் இருக்கிறது. கருப்பும் காப்பிக்கொட்டை நிறமும்தான் எங்களுக்குப் பற்றவில்லை.